கூரை மேல் நின்ற நோயாளி

அத்தியாயம் பதினொன்று

காலைப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்தபோது ப்ரோன்யா முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

பனிப்புயல் வாசலை மூடிய நாள்களில்கூட மண்வாரியால் வழி தோண்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவள் அவள். இன்று முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பேசிய நாக்கில் இன்று நற்கருணை வாங்க அவளுக்குக் கூசியது.

திங்கட்கிழமை கணவர் அன்டோன் வைக்கோல் ஏற்றப் போயிருந்தார். மகள் யாத்விகா மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையின் கடைசி நாள்களை முடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் போவதாக ஏற்பாடு. வீட்டில் யாருமில்லாத அந்த வேளையில்தான் ப்ரோன்யா தொலைபேசியை எடுத்து மடத்துத் தலைவி மதர் ஸ்தெஃபானியாவிடம் சொன்னாள்: அன்டோனுக்குப் பக்கவாதம், இடது பக்கம் இழுத்துக்கொண்டது, மகள் இல்லாமல் முடியாது, இந்த வருஷம் மடத்தில் இடமில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் அவ சொல்லுவா மதர். நம்பாதீங்க. மடத்துக்கு வர்ற அவசரத்துல மறைக்கிறா" என்றும் சொல்லிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில், பிள்ளைகள் துறவறம் ஏற்க வேண்டிச் சொல்லும் இறை அழைத்தல் ஜெபத்தை முன்நின்று சொல்கிறவள் அவள்தான். "ஆண்டவரே, உமது அறுவடைக்கு எங்கள் வீடுகளிலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்ளும்" என்று அவள் சொல்ல, மற்றப் பெண்கள் திரும்பச் சொல்வார்கள். எங்கள் வீடுகள் என்னும்போதெல்லாம் அவள் மனக்கண்ணில் வந்து நின்றவை மற்றவர்களின் வீடுகள்.

"அம்மா, உப்பு ரெண்டு தடவை போட்டுட்டே" என்றாள் யாத்விகா, உச்சிவேளை நெருங்கும்போது. முழங்கைவரை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு பீப்பாய்க்குள் ஊறப்போடும் முட்டைக்கோஸை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போடலையே."

"இப்போதானே போட்டே? நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். குளிர்காலம் பூரா அப்பா தண்ணி குடிச்சே சாகப்போறாரு."

"சாகறது கீகறதுன்னு பேசாதடி!"

யாத்விகா நிமிர்ந்து பார்த்தாள். "சும்மா சொன்னேம்மா. ஏன் இப்படிப் பதறுறே?"

ப்ரோன்யா கேரட்டைத் துருவ ஆரம்பித்தாள்.

"மதர் இன்னும் போன் பண்ணலையே? ஞாயித்துக்கிழமை நான் எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கணும்."

"பண்ணுவாங்க."

மூன்று நாளாக அவளும் அந்த மணிச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள். இடமில்லை என்று மதர் சொல்வார், மகள் கொஞ்சம் அழுவாள், பிறகு சமாதானமாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். தொலைபேசி ஊமையாக இருந்தது.

கூரை மேலிருந்து அன்டோனின் குரல் வந்தது. "யாராவது கம்பி எடுத்துக் குடுங்க! புகைக்குழாய் என் கையோட வந்துடும் போலிருக்கு!"

யாத்விகா சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள். கம்பியைக் கொடுத்துவிட்டு அப்படியே நிலவறையில் இறங்கி இன்னும் கோஸ் எடுத்து வரப் போனாள்.

* * *

அவள் தலை மறைந்த சிறிது நேரத்தில் வேலிக் கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு குல்ஷாத், துண்டில் சுற்றிய பெரிய பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"எங்கடி என் அண்ணன்? பேச்சு வருதா? வாய் கோணிடுச்சா?"

"யாரு, குல்ஷாத்தா?" கூரை மேலிருந்து குரல் கேட்டது. "பானையில என்ன?"

குல்ஷாத் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். மேலே அன்டோன், முகமெல்லாம் கரி, பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு ஒரு காலைப் புகைக்குழாய் மேல் ஊன்றி நின்றார்.

"இறைவா!" என்று முணுமுணுத்தாள் குல்ஷாத். "பக்கவாதம் வந்த மனுஷன் அங்க என்ன..."

ப்ரோன்யா அவள் கையைப் பிடித்துப் பானையோடு நிலக்கரிக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு யாருடி சொன்னா?"

"ஊரே சொல்லுது! மடத்து மதர் போன்ல கேட்டுக்கிட்டாங்கன்னு காலைல உங்க ஃபாதர் கோயில்ல சொன்னாராம், அன்டோனுக்காக வேண்டிக்கங்கன்னு. உங்க ஜெபமாலைக் கூட்டத்து ஃபெலிக்சா ரோட்டுல அழுதுகிட்டே போறா. எங்க வீட்டு ஆளு உடனே ஆட்டை அறுத்துட்டாரு."

"ஆடா?"

"பின்ன? நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோட வருவாங்களா? நான் அழுதுகிட்டே சூப் வச்சேன். உப்பே போடலை, கண்ணீரே போதும்னு விட்டுட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "என்னடி நடக்குது?"

ப்ரோன்யா சொன்னாள். கரித்தூள் படிந்த மரக்கட்டையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். மகளைப் பொய்க்காரி ஆக்கிய பகுதியை மட்டும் சொல்லவில்லை.

குல்ஷாத் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"பொய் சொல்றதுன்னா மாட்டுக்கு நோவுன்னு சொல்லணும். கட்டின புருஷனைப் படுக்கையில தள்ளுவாங்களாடி?"

"வாயில வந்துடுச்சு. இருக்கறது ஒரே பொண்ணு குல்ஷாத்."

"என் பொண்ணைத் தெற்கே கட்டிக் குடுத்தேன். வருஷத்துல ஒரு தடவை பாத்தா பெரிசு. நான் அழலையா?"

"உன் பொண்ணு ஒரு வீட்டுக்குப் போனா. பேரன் வந்தான்."

"உன் பொண்ணு உங்க சாமி வீட்டுக்குப் போறா. அது என்ன மோசமான சம்பந்தமா?"

நெற்றியில் சிலுவை போட்டு வளர்ந்த தன்னால் நினைக்க முடியாததை, சிலுவையே போடாத குல்ஷாத் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாளே என்று ப்ரோன்யாவுக்கு முகம் சுட்டது.

"சரி, அதை விடு. இப்போ என்ன பண்ணப்போறே?" என்றாள் குல்ஷாத். "உங்க ஃபாதர் சாயந்திரம் எண்ணெயோட வர்றாராம்."

ப்ரோன்யா கரிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதை எப்படி மறந்தாள்? இந்த ஊருக்கு அவர்களுடைய பெற்றோரை அரசாங்கம் நாடுகடத்தி ரயில் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து புல்வெளியில் இறக்கிவிட்ட நாளிலிருந்து, ஒரு தலைமுறைக் காலம் இங்கே குருவானவர் கிடையாது. ஜெபமாலை இருந்தது, பாட்டு இருந்தது, பிள்ளைகளுக்குப் பெண்களே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சாகும் தறுவாயில் குருவானவர் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. ப்ரோன்யாவின் அப்பா கதவைப் பார்த்தபடியே, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே செத்துப்போனார். அதனால்தான் முதல் குருவானவர் வந்து இறங்கிய அன்றே ஊர் கூடி முடிவு செய்தது: இனி இங்கே ஒருவர் படுத்தார் என்று காதில் விழுந்தால், யாரும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், குருவானவர் எண்ணெயோடு போய்விட வேண்டும்.

அந்த முடிவுக்கு முதலில் கை தூக்கியவள் ப்ரோன்யா.

* * *

மதர் ஸ்தெஃபானியா பிற்பகல் பேருந்தில் வந்தார்.

அறுபதைத் தாண்டிய சின்ன உருவம். வலது காலைச் சற்று இழுத்து நடப்பவர். ஒரு தோளில் துணி மூட்டை, மறு கையில் சுருட்டிய ரப்பர் விரிப்பு, அக்குளில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வைக்கும் கழிகலம். வாசலுக்கு வந்தபோது அன்டோன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார், இடது கையில் சுத்தியலோடு.

"இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ், மதர்!"

"என்றென்றும்" என்றார் மதர். அந்த இடது கையைப் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற ப்ரோன்யாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ப்ரோன்யா தாங்கியிருப்பாள். கீழே விழுந்து அடிபட்ட பிள்ளையைப் பார்க்கும் பார்வையாக அது இருந்தது.

"யாரைப் பாக்க வந்தீங்க மதர், இவ்வளவு சாமானோட?"

"உங்களைத்தான். நல்லா இருக்கீங்க. ஆண்டவருக்கு நன்றி."

"எனக்கென்ன? மூட்டையைப் பாத்தா ஒரு மாசம் தங்கறாப்ல இருக்கு!"

"ஈஸ்டர் வரைக்கும் தங்கலாம்னு வந்தேன்."

அன்டோன் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்குங்க, தங்குங்க! முட்டைக்கோஸ் பீப்பாய் பீப்பாயா இருக்கு. உப்புதான் இந்த வருஷம் கொஞ்சம் தூக்கல்னு கேள்வி."

மறுபடியும் நிலவறைக்குப் போய்ப் படியேறி வந்த யாத்விகா கையிலிருந்த கோஸையெல்லாம் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மதர்! என்னைக் கூட்டிட்டுப் போக நீங்களே வந்துட்டீங்களா!"

மதர் அவள் கன்னத்தைத் தட்டினார். ப்ரோன்யா கழிகலத்தை வாங்கி அடுப்புக்குப் பின்னால் மறைத்தாள்.

அப்பாவும் மகளும் உருண்ட கோஸைப் பொறுக்கிக்கொண்டிருக்க, சமையலறையில் இருவரும் தனியானார்கள். மதர் கையைக் கழுவிவிட்டு, கேட்காமலே அரிவாள்மனைப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு கோஸ் அரிய உட்கார்ந்தார்.

"மதர்..."

"முதல்ல ஒரு டீ குடும்மா. பஸ்ல ஹீட்டர் வேலை செய்யலை."

ப்ரோன்யா டீ ஊற்றினாள்.

"நெசமாவே ஈஸ்டர் வரைக்கும்னு வந்தீங்களா?"

"ஆமா. மடத்துப் பொறுப்பை இன்னொரு சிஸ்டர்கிட்ட குடுத்துட்டேன். அந்தப் பொண்ணை ஆண்டவர் கூப்பிடறாரு, இங்க அவ கை தேவைப்படுது. அப்போ அவளுக்குப் பதிலா ரெண்டு கை வரணும்ல? சின்னப் பொண்ணுங்களுக்கு அங்க அனாதைப் பிள்ளைங்களைப் பாத்துக்கற வேலை கிடக்கு. எனக்கு நோயாளித் துணி துவைச்சுப் பழக்கம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் ப்ரோன்யாவைக் குத்தியது.

"என்னைத் திட்டுங்க மதர்."

"எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வந்துச்சு. நான் மடத்துக்குக் கிளம்பின அன்னைக்கு என் பூட்ஸை ஒளிச்சு வச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அண்ணன் பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போனேன். ரெண்டு அளவு பெரிசு. ஸ்டேஷன்ல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டேன்." மதர் தன் வலது காலைத் தட்டிச் சிரித்தார். "அம்மா சாகற வரைக்கும் இந்தக் காலைப் பாத்துப் பாத்து அழுவாங்க. அது எனக்குப் பிடிக்காது. கால் எனக்கு வலிச்சதைவிட அவங்களுக்குத்தான் அதிகமா வலிச்சுது."

ப்ரோன்யா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே பல காலடிகள் கேட்டன.

* * *

இளம் பங்குத்தந்தை ஃபாதர் ரோமுவால்ட் முன்னால் வந்தார், காதெல்லாம் குளிரில் சிவந்து, எண்ணெய்ச் சிமிழை மேலங்கிக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. பின்னால் ஜெபமாலைக் கூட்டத்துப் பெண்கள், எல்லோரும் கறுப்பு முக்காட்டில். ஃபெலிக்சாவின் கையில் மந்திரித்த மெழுகுவர்த்தி, சாகிறவர் கையில் பிடிக்கக் கொடுப்பது.

கதவைத் திறந்தார்கள். எதிரே மேசையில் அன்டோன் உட்கார்ந்து குல்ஷாத்தின் ஆட்டு எலும்பை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். குல்ஷாத் பக்கத்தில் நின்று, இப்போதுதான் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"எழுந்து உக்காந்துட்டாரே!" ஃபெலிக்சா அலறினாள். "கையைப் பாருங்க, இடது கையைப் பாருங்க! காலைலதானே வேண்டிக்கிட்டோம்! புதுமை! ஆண்டவர் அற்புதம் செஞ்சுட்டாரு!"

பெண்கள் பொத்துப் பொத்தென்று முழந்தாளிட்டார்கள். ஒருத்தி நன்றிப் பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் அழுதுகொண்டே சேர்ந்துகொண்டார்கள். அன்டோன் எலும்பை வாயருகே வைத்தபடி மனைவியைப் பார்த்தார். ஃபாதர் குழம்பி நின்றார்.

ப்ரோன்யாவுக்கு வழி திறந்துவிட்டது. வாய் திறக்காமல் இருந்தால் போதும். முழந்தாளிட்டு அந்தப் பாட்டில் சேர்ந்துகொண்டால் போதும். பொய் இந்த ஊரில் புதுமையாக நின்றுவிடும். வருஷா வருஷம் இந்த நாளில் நன்றிப் பூசைகூடச் சொல்வார்கள். மதர் காட்டிக்கொடுக்க மாட்டார், குல்ஷாத்தும் மாட்டாள்.

தன் அழுக்கைத் துடைக்க ஆண்டவரின் பெயரையா எடுப்பது?

"நிறுத்துங்க" என்றாள். பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. மேசையை ஓங்கித் தட்டினாள். "பாட்டை நிறுத்துங்க! புதுமை ஒண்ணும் நடக்கலை. அவருக்கு நோயே இல்லை. பொண்ணை மடத்துக்கு அனுப்ப மனசில்லாம நான்தான் மதருக்குப் போன் பண்ணிப் பொய் சொன்னேன்."

பாட்டு பாதியில் அறுந்தது. அடுப்பில் கெட்டில் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஃபெலிக்சா மெழுகுவர்த்தியை முக்காட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். "நான் ரோட்டுல அழுதேன்டி" என்றாள். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ சொல்லச் சொல்லத்தானே நாங்களும் சொன்னோம்?" அவள் வெளியே போனாள். இன்னும் சிலர் அவளோடு போனார்கள். ஒருத்தி கொண்டுவந்த பணியாரத்தை மேசைமேல் வைப்பதா எடுத்துப்போவதா என்று தயங்கி, கடைசியில் வைத்துவிட்டே போனாள்.

அன்டோன் கையைத் துடைத்தார். "எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு சொன்னே?"

"இடது."

அவர் இடது கையை விரித்துப் பார்த்தார், மூடினார். தொப்பிகூட எடுக்காமல் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கொதிகலனுக்குக் கரி போடப் போய்விட்டார். அது அவர் வேலை நேரம் அல்ல.

ஃபாதர் ரோமுவால்ட் எண்ணெய்ச் சிமிழை உள்பைக்குள் வைத்தார். வயதில் தன் அம்மாவைப் போன்ற பெண் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். கடைசியில் அன்டோன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கறவருக்குப் பூசக் கூடாது" என்றார். "ஆனா எனக்கு நல்லாப் பசிக்குது. அந்த சூப் யாரு வச்சது?"

"நான்தான். இப்போதான் உப்புப் போட்டேன்" என்றாள் குல்ஷாத். "சாப்பிடுங்க. ஆடு இனிமே திரும்பி வரப்போறதில்லை."

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். ப்ரோன்யா ஃபாதருக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அவர் "நன்றிம்மா" என்றார். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பிப் பார்த்தபோது யாத்விகா அங்கே இல்லை.

* * *

மாட்டுத் தொழுவத்தில் அரிக்கன் விளக்கு எரிந்தது. யாத்விகா முக்காலியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். அம்மா வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ப்ரோன்யா அருகே போனாள்.

யாத்விகா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீரும் இருந்தது.

"பல்லுல கம்பியோட கூரை மேல நின்னாரும்மா... மதர் கழிகலத்தோட கீழ நிக்கறாங்க..." அவள் முகத்தைத் தோளில் துடைத்தாள். "கோபம்தான் வந்துச்சு. ரொம்ப வந்துச்சு. ஓடிப்போய் மூட்டையைக் கட்டலாம்னுதான் எழுந்தேன். அப்புறம் யோசிச்சேன். எல்லாரும் முழந்தாள் போட்டுப் பாடறாங்க, நீ பேசாம இருந்திருந்தா முடிஞ்சுபோச்சு. இருக்கலையே நீ. ஊர் முன்னால நின்னு சொன்னே பாரு. எங்கம்மாடா இதுன்னு இருந்துச்சு எனக்கு."

ப்ரோன்யா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"மதர் கேட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழமை பஸ்ல எத்தனை இடம்னு டிரைவர் யெர்பொல்கிட்ட இன்னைக்கே சொல்லணுமாம். ரெண்டுன்னு சொல்லிடச் சொல்லவா? நீ மனசார அனுப்புவேல்ல?"

இதற்கு மேல் அவள் எதையும் கேட்டிருக்க முடியாது. மன்னிப்பு கையில் வந்து விழுந்துவிட்டது. அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதி ஒரு வாக்கியம் மதரோடு மடத்துக்குப் போய் அங்கேயே புதைந்துவிடும். மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகம் முழுக்க நம்பிக்கையாக இருந்தது.

அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை.

"நான் எல்லாத்தையும் சொல்லலை, யாத்யா."

"என்ன?"

"அப்பா நல்லா இருக்காருன்னு நீ வந்து சொல்லுவே, அதை நம்பாதீங்கன்னு மதர்கிட்ட சொன்னேன். மடத்துக்குப் போற வெறியில அப்பா நோயை மறைக்கறவள்னு சொன்னேன். உன்னை... பொய்க்காரின்னு சொன்னேன்."

கறக்கும் சத்தம் நின்றது. பசு திரும்பிப் பார்த்தது.

"என்னையா?"

ப்ரோன்யா தலையசைத்தாள்.

"மூணு நாளா மதர் என்னைப் பத்தி அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்களா? அப்பன் படுக்கையில கிடக்க, விட்டுட்டு ஓடற பொண்ணுன்னு? அப்படி நினைச்சுக்கிட்டேவா என் கன்னத்தைத் தட்டினாங்க?"

"அவங்க அப்படி..."

"நீ பேசாதே." யாத்விகாவின் குரல் உயரவில்லை. "நோயாளி ஒருத்தரை விட்டுட்டு நான் என்னைக்காவது டூட்டியிலேருந்து போயிருக்கேனா? அப்பாவுக்கு நிஜமாவே ஏதாவது வந்திருந்தா, ஆண்டவரே வந்து கூப்பிட்டாலும் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னே."

"தெரியும்."

"எனக்கு ஜெபம் சொல்லிக்குடுத்தது நீம்மா. ஒவ்வொரு வார்த்தையும் உன் வாயிலேருந்து வந்தது. இப்போ நான் எதைச் சொன்னாலும் அந்த வாய்தானே ஞாபகம் வரும்? இதை வச்சுக்கிட்டு எப்படிப் போய் அங்க முழந்தாள் போடறது?"

அவள் மறுபடி பால் கறக்க ஆரம்பித்தாள். பசுவின் வயிற்றிடம் பேசுவதுபோல் சொன்னாள்:

"டிரைவர்கிட்ட ஒரு இடம்னு சொல்லச் சொல்லு. மதருக்கு மட்டும்."

* * *

கோடை முழுக்க ப்ரோன்யா கேட்க ஏங்கிய வார்த்தை அது. தொழுவத்திலிருந்து வீடுவரை அதைச் சுமந்துகொண்டு நடந்தாள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது. எந்த வீட்டிலிருந்தாவது எடுத்துக்கொள்ளும் என்று இத்தனை காலம் வேண்டிக்கொண்டவள், எடுக்க நீண்ட கையைத் தானே தட்டிவிட்டிருந்தாள்.

ஃபாதரும் மற்றவர்களும் போயிருந்தார்கள். குல்ஷாத் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். மதர் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணு" என்றாள் ப்ரோன்யா. "அவளைப் பத்தி உங்ககிட்ட சொன்னதையும் சொல்லிட்டேன் மதர். அதனாலதான் ஒண்ணு."

மதர் ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை. தொலைபேசியை அருகே இழுத்தார். பிறகு எண்ணைச் சுழற்றினார். "யெர்பொல் தம்பியா? ஞாயித்துக்கிழமைக்கு ஒரு இடம்ப்பா. ஆமா, ஒண்ணுதான். இப்போதைக்கு ஒண்ணு. இல்லை, யாருக்கும் ஒண்ணுமில்லை. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அன்டோன் வந்தார். தலைமுடியில் கரித்தூள். யாரிடமும் பேசாமல் மேசையருகே உட்கார்ந்தார். ப்ரோன்யா அவர் எதிரே நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"நான் நெசமாவே விழுந்தா யாரு பாத்துப்பாங்கன்னு பயந்தியா?"

"இல்லைங்க. உங்களை நினைக்கவே இல்லை. நான் தனியாயிடுவேனேன்னுதான் நினைச்சேன்."

"நான் இருக்கேனே, ப்ரோன்யா" என்றார் அவர், மெதுவாக, அடிபட்டவர்போல.

ப்ரோன்யா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. யாத்விகா பால் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடித் தம்ளர்களை எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றினாள். மதருக்கு ஒன்று, கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒன்று, கையில் கொடுத்தாள். பிறகு வாளியைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

இன்னொரு தம்ளர் எடுத்தாள். நிறைய ஊற்றினாள். கையில் கொடுக்கவில்லை. மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆவி அடங்கி, மெல்ல ஆடை படிந்தது. அதை எடுக்க ப்ரோன்யாவுக்குக் கை வரவில்லை.